22 நிமிடம் என்று போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடைப்பட்ட தொலைவையும் பறப்பு நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் இணையதளங்களையும் செயலிகளையும் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

நான் 17 ஆண்டுகளாகப் பயண டிக்கெட் முன்பதிவு மேசையில் வேலை பார்க்கிறவன். உங்கள் பக்கங்களை நாள்தோறும் பார்க்கிறேன். நானாகத் திறந்து பார்ப்பது குறைவு. எதிரில் வந்து உட்காருகிறவர்கள் தங்கள் கைபேசியில் திறந்து, என் பக்கம் திருப்பிக் காட்டும்போதுதான் அதிகம் பார்க்கிறேன். அப்படி என் முன்னால் நீட்டப்பட்ட ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அது எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. ஒருவரைக் குறை சொல்லி மற்றவரைத் தப்பவிடுவது என் நோக்கமல்ல. இந்த வழக்கம் உங்களில் பலரிடமும் இருக்கிறது.

ஒரு காலை, ஏழரை மணி இருக்கும். கதவைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் ஒருவர் தன் மகளோடு வந்து நின்றார். அந்தப் பெண்ணின் கையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பு. உள்ளே தேர்வு நுழைவுச் சீட்டு, இரண்டு பேனா, ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு வேறொரு நகரத்தில் அவளுக்குத் தேர்வு. ஒன்றரை மணிக்கு வாயிற்கதவை மூடிவிடுவார்கள் என்று சீட்டிலேயே அச்சிட்டிருந்தது. தந்தை கைபேசியை நீட்டினார். வரைபடத்தில் இரண்டு புள்ளிகள், அவற்றை இணைக்கும் ஒரு சிவப்புக் கோடு, கோட்டின் நடுவில் சின்னதாக ஒரு விமானப் படம். கீழே பெரிய எழுத்தில்: தொலைவு 290.4 கி.மீ., பயண நேரம் 22 நிமிடம். நுழைவுச் சீட்டின் ஓரத்திலும் அவர் பென்சிலால் 22 என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருந்தார்.

“ராத்திரி பத்து மணிக்கு பஸ் இருந்தது சார். இரவெல்லாம் குலுங்கிக்கொண்டு போனால் பிள்ளை எப்படித் தேர்வு எழுதுவாள்? காலையில் விமானத்தில் போனால் 22 நிமிடம்தானே என்று விட்டுவிட்டேன். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, இரண்டு டிக்கெட் போடுங்கள்.”

அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே விமானமே கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட நேரடி விமானம் ஓடியதில்லை. போக வேண்டுமானால் எதிர்த்திசையில் இருக்கும் பெரிய விமான நிலையத்துக்குப் போய், அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்து, இன்னொரு விமானத்தில் ஏற வேண்டும். மாலை ஐந்து மணிக்குத்தான் இறங்க முடியும். சாலை வழி 390 கிலோமீட்டர். அந்த நேரத்தில் கார் பிடித்தாலும் வாயிற்கதவு மூடி ஒரு மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேரலாம். ஏதாவது வழி இருக்காதா என்று மூன்று முறை தேடிப் பார்த்தேன். மூன்றாம் முறை தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் கோப்பின் பொத்தானை அழுத்தி மூடினாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அடுத்த தேர்வு ஓர் ஆண்டு கழித்துத்தான்.

விவரம் தெரியாதவர், நேரடி விமானம் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டாமா என்று யாரும் அவரைச் சொல்லிவிட வேண்டாம். அவர் விசாரித்தார். உங்களிடம் விசாரித்தார். பொறுப்புள்ள ஒரு தகப்பன் என்ன செய்வாரோ அதைத்தான் செய்தார். பதில் சொன்ன இடத்தில்தான் பிழை.

அந்தப் பிழை எங்கே புகுந்தது என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். தொலைவில் இல்லை. அதில் உங்கள் வேலை சுத்தமானது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். பூமியைச் சுமார் 6371 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளமாக வைத்துக்கொண்டு, இரு இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகையிலிருந்து பெருவட்டத் தொலைவை, அதாவது கோளத்தின் மேற்பரப்பில் உள்ள மிகக் குறுகிய தொலைவைக் கணக்கிடுகிறீர்கள். பூமி நடுவில் சற்றுப் பருத்து, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் வின்சென்டி என்ற புவி அளவையியலாளர் 1975இல் வெளியிட்ட முறையைப் பயன்படுத்துகிறீர்கள். வெறும் கோளக் கணக்கிலும் பிழை அரை சதவீத அளவைத் தாண்டாது. 290 கிலோமீட்டரில் அது ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

நேரம் வேறு கதை. 290.4ஐ 805ஆல் வகுத்துப் பாருங்கள், 22 நிமிடம் வரும். 805 கிலோமீட்டர் என்பது 500 மைல். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது உள்ள வேகத்தை ஒட்டிய ஒரு முழு எண். அந்த ஓர் எண்ணை வைத்து உலகத்தில் உள்ள எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நேரம் போட்டுவிடுகிறீர்கள். சிலர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று ஒரு 30 நிமிடத்தைக் கூட்டிக்கொள்கிறீர்கள். கண்டங்களைத் தாண்டும் பயணத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். பத்து மணி நேரத்தில் அரை மணி முன்பின் ஆனால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. சிறிய ஊர்களுக்கு இடையிலான பயணத்தில்தான் அது அடியோடு சரிகிறது.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் அவற்றுக்கிடையே விமானம் ஓட்டுகிறது. தொலைவு 2.7 கிலோமீட்டர், அட்டவணைப்படி ஓடும் விமானச் சேவைகளில் உலகிலேயே குறுகியது. அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். காற்று வாகாக அமைந்த ஒரு நாளில் 53 நொடியில் கடந்திருக்கிறார்கள், அதுதான் சாதனை. உங்கள் வகுத்தல் கணக்கில் அந்தப் பயணம் 12 நொடி. 30 நிமிடம் கூட்டுகிறவர்களின் கணக்கில் 30 நிமிடம் 12 நொடி. அங்கே பறப்பது சில பேர் மட்டுமே உட்காரக்கூடிய, இரட்டைச் சுழல்விசிறி கொண்ட ஐலண்டர் விமானம். மணிக்கு 805 கிலோமீட்டர் என்பது அதன் கனவிலும் கிடையாது. உண்மை இரண்டு நிமிடமாக இருக்கும் இடத்தில் ஒரு கணக்கு பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது, இன்னொன்று பதினைந்து மடங்காக்குகிறது. ஒரே தொலைவுக்குத்தான் இந்த இரண்டு விடைகளும்.

சிறிய விமான நிலையங்களுக்கு இடையே பெரும்பாலும் ஓடுவது டர்போபிராப், அதாவது சுழல்விசிறி வைத்த விமானம். பரவலாக ஓடும் ஏடிஆர் 72ஐ எடுத்துக்கொண்டால், அது உயரத்தில் நிலைகொண்ட பிறகும் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். அந்த வேகத்தையும் முழு வழியிலும் எட்ட முடியாது. இறங்குவதற்கு விமானிகள் ஒரு பழைய மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: 1000 அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 20,000 அடியில் பறக்கும் விமானம் தரை தொட ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீட்டர் முன்பே இறங்கத் தொடங்கியாக வேண்டும். ஏறுவதற்கும் இப்படிக் கணிசமான தொலைவு போய்விடும். மொத்தப் பயணமே 290 கிலோமீட்டர் என்றால், நிலையாகப் பறப்பதற்கு மிஞ்சுவது எவ்வளவு? ஜெட் என்றால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 36,000 அடிக்கு ஏறினால் இறங்குவதற்கே 200 கிலோமீட்டர் வேண்டும். ஆகவே குறுகிய வழியில் அதுவும் தாழ்வாகவே பறக்கும். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் இருக்கிறது.

விமானம் உங்கள் சிவப்புக் கோட்டின் மீது போவதும் கிடையாது. ஓடுதளம் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறதோ, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அதற்கேற்பத்தான் கிளம்பும். போக வேண்டியது கிழக்கே என்றாலும் மேற்கே ஏறி வளைந்து திரும்ப வேண்டிவரும். பிறகு ஐந்தெழுத்துப் பெயர் கொண்ட வழிப்புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். ராணுவ வான்பரப்பு குறுக்கிட்டால் சுற்ற வேண்டும். இறங்கும் இடத்தில் முன்னால் நான்கு விமானங்கள் வரிசையில் நின்றால் வட்டமடிக்க வேண்டும். நெடுந்தூரப் பயணத்தில் இவையெல்லாம் கரைந்துவிடும். குறுகிய பயணத்தில் இவைதான் பயணமே.

காற்றைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மேசைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள்: “டிக்கெட்டில் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் போட்டிருக்கிறதே, எது சரி?” இரண்டும் சரி. 300 கிலோமீட்டரை 500 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 36 நிமிடம். மணிக்கு 100 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால் 45 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 30 நிமிடம். போக வரக் கூட்டினால் 75 நிமிடம் ஆகிறது. காற்றே இல்லாத நாளில் 72தான். போகும்போது இழந்ததை வரும்போது முழுதாகத் திருப்பிக் கொடுப்பதில்லை காற்று. ஆனால் உங்கள் பக்கங்களில் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று எப்படித் தேடினாலும் ஒரே எண்தான் வருகிறது.

நீங்கள் பயன்படுத்தும் சொல்லுக்கே வருகிறேன். ‘பறப்பு நேரம்’ என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு பொருள் உண்டு. 1944இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழி உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதன் ஆறாம் இணைப்பில் வரையறுத்து வைத்திருக்கிறது: புறப்படும் நோக்கத்தோடு விமானம் முதன்முதலில் அசையும் கணத்திலிருந்து, பறப்பு முடிந்து இறுதியாக ஓய்ந்து நிற்கும் கணம் வரையிலான மொத்த நேரம். சக்கரக் கட்டையை எடுப்பதிலிருந்து திரும்ப வைப்பது வரை என்பதால் எங்கள் தொழிலில் இதை பிளாக் டைம் என்போம். விமான நிறுவனங்களின் அட்டவணையும் இந்தக் கணக்கில்தான் அமைகிறது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும், இறங்கியபின் நிறுத்துமிடம் வரை வருவதும் அதில் அடக்கம். உங்கள் 22 நிமிடத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அப்படியொரு விமானம் ஓடியிருந்தாலும், 290 கிலோமீட்டர் வழிக்கு அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் போட்டிருப்பார்கள் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

இருந்தாலும், விமானம் ஒன்று இருந்து, 22 நிமிடம் என்பது 60 ஆகியிருந்தாலும் அந்தப் பெண் தேர்வு எழுதியிருப்பாள். அவளைக் கைவிட்டது அந்த 38 நிமிடம் அல்ல. எந்த விமானமும் பறக்காத இடத்தில் நீங்கள் வரைந்த கோடும், அதன்மேல் ஒட்டிய விமானப் படமும்தான். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன்.

உங்கள் பட்டியலில் இருக்கும் ஆயிரக்கணக்கான இடங்களில் எத்தனையோ இடங்களுக்குப் பயணிகள் விமானமே வருவதில்லை. சிலவற்றில் ராணுவம் மட்டும் இருக்கிறது. சில மூடப்பட்டுவிட்டன. விமான நிலையங்களுக்குக் கொடுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு இருப்பதாலேயே அங்கே விமானத்தில் போய் இறங்கலாம் என்று பொருளில்லை. ஜெர்மனியில் கொலோன் நகரத்து ரயில் நிலையத்துக்குக்கூட அப்படியொரு குறியீடு உண்டு. நீங்களோ ஒரு பெயரையும் இன்னொரு பெயரையும் சேர்த்துச் சேர்த்து, கேட்கப்படாத ஒவ்வோர் இணைக்கும் ஒரு பக்கத்தைத் தயார் செய்து வைத்திருக்கிறீர்கள். தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். கோடு இருக்கிறது, விமானப் படம் இருக்கிறது, நிமிடக் கணக்கு இருக்கிறது. விமானம் இல்லை என்று அவர் எப்படி நினைப்பார்?

பக்கத்தின் அடியில் ‘இவை தோராயமான மதிப்பீடுகள்’ என்று ஒரு வரி இருக்கிறதே என்பீர்கள். நானும் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், விளம்பரங்களுக்கெல்லாம் கீழே, மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. மேலே 290.4 என்று புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் வரை துல்லியம் காட்டிவிட்டு, அடியில் தோராயம் என்றால் எதை நம்புவது? அந்தப் புள்ளி நான்கு பார்க்கிறவர் மனத்தில் என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறவர்கள் நேரத்தையும் சரியாகத்தான் சொல்வார்கள் என்ற நம்பிக்கையை அது கொடுக்கிறது.

‘பயண நேரம்’ என்ற சொல்லையாவது உடனே எடுத்துவிடுங்கள். பறப்பு நேரம் குறைவதால் பயண நேரம் குறைந்துவிடாது. நேபாளத்தின் லுக்லா விமான நிலையத்தைப் பாருங்கள். எவரெஸ்ட் பக்கம் போகிறவர்களின் தலைவாசல் அது. 2845 மீட்டர் உயரத்தில், வெறும் 527 மீட்டர் நீளத்தில், சரிவாக அமைந்த ஓடுதளம். காத்மாண்டுவிலிருந்து அங்கே பறக்க அரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். காத்மாண்டுவில் நெரிசல் தாங்காமல் 2019 முதல் பயணிகள் மொய்க்கும் பருவங்களில் லுக்லா விமானங்களை ராமேசாப் மாவட்டத்தின் மந்தலிக்கு மாற்றினார்கள். அங்கிருந்து பறந்தால் 20 நிமிடம்தான். உங்கள் பக்கத்தில் அது குறுகிய பயணமாகத் தெரியும். ஆனால் காத்மாண்டுவிலிருந்து மந்தலிக்கு மலைச்சாலையில் 130 கிலோமீட்டர், நான்கைந்து மணி நேரம். காலை விமானத்தைப் பிடிக்க நள்ளிரவு தாண்டியதும் கிளம்பியாக வேண்டும். பறப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் குறைந்து, பயணத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் கூடியிருக்கிறது.

பெயரும் இப்படித்தான் ஏய்க்கும். பிராங்க்பர்ட் ஹான் என்ற விமான நிலையம் பிராங்க்பர்ட் நகரத்திலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வானத்துத் தொலைவைப் புள்ளி நான்கு வரை சொல்கிற பக்கம், தரையில் இருக்கும் இந்த 120ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. இதோடு, விமானம் கிளம்புவதற்கு முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு முன்பே செக்-இன் மூடிவிடுவது பல இடங்களிலும் நடைமுறை. முதல்முறை விமானம் ஏறுகிறவருக்கு அது தெரியாது. சிறிய நிலையங்களில் விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு மணி நேரத்தில் வராது. நாளைக்கோ, வாரத்தில் இன்னொரு நாளோதான் வரும். உங்கள் பக்கத்தை நம்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த முதல்முறைக்காரர்கள்தான். அடிக்கடி பறக்கிறவர்கள் உங்களிடம் வந்து கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது பெரிய வேலை அல்ல. இரண்டு பெயர்களைக் கொடுத்ததும், எண்களுக்கு முன்னால், அதே பெரிய எழுத்தில் ஒரு வரி வர வேண்டும்: ‘இந்த இரு நிலையங்களுக்கும் இடையே தற்போது நேரடிப் பயணிகள் விமானம் இருக்கிறது’ அல்லது ‘இல்லை’. உங்களுக்கே உறுதியாகத் தெரியாவிட்டால் ‘எங்களுக்குத் தெரியாது, விமான நிறுவனத்திடம் கேளுங்கள்’ என்று போடுங்கள். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. நானும் அந்தப் பதிலைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இல்லை என்றால் அந்த விமானப் படத்தை எடுத்துவிட்டு வெறும் கோட்டை மட்டும் காட்டுங்கள், நேர் தொலைவு என்று பெயர் போடுங்கள். நேரத்தைக் காட்டவே காட்டாதீர்கள். பறக்காத விமானத்துக்கு நேரம் எதற்கு?

விமானம் இருக்கும் வழிகளுக்கு வகுத்தல் கணக்கை விட்டுவிடலாம். விமான நிறுவனங்களின் அட்டவணைகள் வெளியில் கிடைக்கின்றன. அதில் இருக்கும் பிளாக் டைமைப் போகவும் வரவும் தனித்தனியாகப் போடுங்கள். இரு நேர மண்டலங்களைத் தாண்டும் வழியானால், புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரம் என்பதைச் சொல்லிவிடுங்கள். எண்ணைக் கணக்கிட்டுத்தான் தருவீர்கள் என்றால் எந்த வகை விமானம், என்ன வேகம் என்று வைத்துக்கொண்டீர்களோ அதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். 22 நிமிடத்தை ஒட்டி ‘மணிக்கு 805 கிலோமீட்டர் வேகத்தில், ஏறாமல் இறங்காமல்’ என்று எழுதியிருந்தால் அந்தத் தந்தை நிச்சயம் ஒரு நொடி நின்று யோசித்திருப்பார்.

அன்று அவர்கள் உடனே எழுந்து போகவில்லை. அவர் கைபேசியை மறுபடி எடுத்து, அதே பக்கத்தைத் திறந்து, மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் எதையோ படிக்காமல் விட்டுவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். “இங்கே விமானம் போட்டிருக்கிறார்களே சார்” என்று அந்தச் சின்னப் படத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
டிக்கெட் முன்பதிவு மேசையில் இருக்கும் ஒருவன்